கெளுத்தியிடம் கை நீட்டிய சுடுதண்ணி சார்

மீன் குத்தி அழுதவர்கள் இந்த உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். மீனிடம் தானாகக் கையை நீட்டி, குத்து வாங்கி, "ஐயோ அம்மா" என்று அழுது, அந்த அழுகைக்கு நடுவில் "மணி என்னம்மா?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் சுடுதண்ணி சார்தான். மணி சொன்னது நான். நான்தான் அவருடைய டைப்பிஸ்ட்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது மேலதிகாரிகள் திட்டி எழுதும்போது மட்டும் வெளியே வரும். மற்றபடி பழவேற்காடு பஜாரிலிருந்து தோணிரேவு வரைக்கும் அவர் சுடுதண்ணி சார்.

எங்கள் ஆபீஸ், அரசு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் கிளை. கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் பின்சந்தில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. ஒன்றில் நானும் ஒரு கம்ப்யூட்டரும். இன்னொன்றில் சாரும் அவருடைய கெட்டில்களும். நான் அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் அங்கே மூன்று கெட்டிலும் கொதித்துக்கொண்டிருக்கும். அறைக்குள் நுழைந்தால் என் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். குட்மார்னிங் சொல்வதை குத்துமதிப்பாக ஒரு திசை பார்த்துத்தான் சொல்வேன்.

மத்தியானம் சார் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார். கல்வெட்டு பார்க்க வந்தவர்கள் அவரை கைடு என்று நினைத்து, "இதெல்லாம் யாரு சார்?" என்று கேட்பார்கள்.

"பேரெல்லாம் நல்லா செதுக்கி வெச்சிருக்காங்க. எதனால செத்தாங்கன்னு போடல. போட்டிருந்தா உபயோகமா இருந்திருக்கும்" என்பார் சார். அவர்கள் படம் எடுக்காமலே போய்விடுவார்கள்.

எங்கள் ஆராய்ச்சி கெளுத்தி முள்ளைப் பற்றியது. ஏரியில் இறால் பிடிக்கும் பெண்கள் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார்கள். சேற்றில் இறால் மட்டுமா இருக்கும்? கெளுத்தியும் இருக்கும். அதன் முள்ளில் விஷம். பெரும்பாலும் உயிர் போகாது. போனால் தேவலை என்று தோன்றும், அவ்வளவுதான். சுண்ணாம்பு தடவி, புகையிலை வைத்துக் கட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, எதற்கும் அடங்காமல் துடித்துக் கிடப்பார்கள். கை வீங்கிவிட்டால் அப்புறம் பல நாள் ஏரியில் இறங்க முடியாது. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது.

அந்த விஷம் சூட்டைத் தாங்காது. கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்து, குத்துப்பட்ட கையை அதில் முக்கி வைத்தால் வலி இறங்கும். இது வேறு பல கடற்கரைகளில் தெரிந்த சங்கதிதான். எங்கள் ஏரிக் கெளுத்தியும் அதற்குக் கட்டுப்படுமா, எந்தச் சூட்டில் கட்டுப்படும் என்று பார்க்கத்தான் அரசாங்கம் சாரை அனுப்பியிருந்தது. இவ்வளவு தீவிரமாகப் பார்ப்பார் என்று அரசாங்கமே எதிர்பார்க்கவில்லை.

சாரின் தோளில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று ஃப்ளாஸ்க். சட்டைப்பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர். டீக்கடையில் டீ வந்ததும் அதை உள்ளே விடுவார். "அறுபத்தெட்டு" என்று சத்தமாகப் படிப்பார். பக்கத்தில் குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். டீக்கடைக்காரர் கடைசியில், "சாருக்கு மட்டும் டீ ஃப்ரீ, ஆனா வூட்டாண்ட கொடுத்தனுப்பறேன்" என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்.

ஒரு தடவை எளாவூர் செக்போஸ்ட்டில் எங்கள் ஜீப்பை நிறுத்தி, ஃப்ளாஸ்கைக் காட்டி, "இதுல இன்னாய்யா?" என்றார் போலீஸ்காரர்.

"சுடுதண்ணி."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றான். மோந்து பாக்கலாமா?"

"மோந்தா தெரியாது. விரலை விடுங்க."

விரலை விட்ட போலீஸ்காரருக்கு சார் அங்கேயே கெளுத்தி, முள், விஷம், சூடு என்று வரிசையாகப் பாடம் எடுத்தார். பின்னால் லாரிகள் ஆந்திரா எல்லை வரைக்கும் நின்றன. அதற்கப்புறம் எங்கள் ஜீப் தூரத்தில் வரும்போதே தடுப்புக்கட்டை தானாக மேலே போய்விடும்.

இனி அந்தக் குத்து விஷயம். தோணிரேவில் படகு வந்து ஒதுங்கும் இடத்துக்கு ஒரு காலை போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் சார், "உயிரோட ஒரு கெளுத்தி வேணும்" என்றார்.

"கொயம்புக்கா, வறுக்கவா சார்?"

"குத்திக்க."

வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். வயதான ஒருவர் என் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, வூட்ல எதனா பிரச்னையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிரச்னை எதுவுமில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சார் குத்திக்கொண்டுவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் ஏரியில் நின்ற நாரைகள் கிளம்பின. கண்ணீர் மூக்கு வழியாகவும் வந்தது. மணி கேட்டார், சொன்னேன். கையைச் சுடுதண்ணீரில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து, பச்சைக் குழந்தை போலச் சிரித்தார். சரி, முடிந்தது என்று நினைத்தோம். வலி நிஜமாகவே தண்ணீரால்தான் போனதா என்று பார்க்கக் கையை வெளியே எடுத்தார். வலி திரும்பி வந்தது. நாரைகள் மறுபடி கிளம்பின. மத்தியானம் வரைக்கும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஊரே வேலையை விட்டு உட்கார்ந்து பார்த்தது. கலைந்து போகும்போது ஒரு அம்மாள், "நாளைக்கும் உண்டா?" என்று என்னிடம் விசாரித்தார்.

அன்று சிரிக்காமல் பார்த்தவள் கன்னியம்மா ஒருத்திதான். இறால் பிடிக்கும் பெண்களுக்கு அவள் தலைவி மாதிரி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் எதிர்த்துப் பேசியதுமில்லை.

"சாரே, நீ சொல்றது நெசந்தான். கண்ணால பாத்துக்கினேன்" என்றாள். "ஆனா எனக்குக் குத்துறது ஏரி நடுவுல. அங்க அடுப்பை எங்க வெக்கறது? தலை மேலயா?"

சார் ஃப்ளாஸ்க்குகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இத்தனை நாள் ஆராய்ச்சி செய்தும் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று ஜீப்பில் வரும் வழியெல்லாம் தலையில் தட்டிக்கொண்டார். குத்துப்பட்ட கையால் தட்டியதால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு "ஆ" வந்தது.

முதலில் பெண்களுக்கு ஆளுக்கொரு ஃப்ளாஸ்க் கொடுத்துப் பார்த்தார். சில ஃப்ளாஸ்க் ஏரியில் முழுகின. சில, மருமகன் வீட்டுக்கு மீன்குழம்பு கொண்டுபோயின. கன்னியம்மா மட்டும் தினமும் தவறாமல் கொண்டுபோனாள். ஒரு நாள் வலது கை கட்டைவிரலில் நல்ல குத்து வாங்கி நேராக ஆபீசுக்கே வந்தாள்.

"சுடுதண்ணியில வெச்சியா?" என்றார் சார் பதறிப்போய்.

"அதுல ஏது சுடுதண்ணி? டீ ஊத்திக்கினு போயிருந்தேன். அதுல வுட்டேன். டீயிலயும் கேக்குது சார்."

சார் பரவசமாகிவிட்டார். சூடுதான் மருந்து, தண்ணீர் வெறும் பாத்திரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? உடனே சென்னைத் தலைமையகத்துக்கு விவரமாக எழுதினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. டீயில் சர்க்கரை இருந்ததா, இல்லையா என்று கேட்டிருந்தார்கள்.

ஆனால் அந்தத் தலைமையகத்திலேயே ரசாயனம் படித்த இருவர் சார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அவர்கள் செய்துகொடுத்ததுதான் பை. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பை, உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம், அதில் மிதக்கும் சின்னத் தகர வில்லை. வில்லையை ஒரு தடவை மடக்கினால் 'டிக்' என்று சத்தம். திரவம் உறைந்து வெள்ளையாகி, சுடத் தொடங்கும். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் பழையபடி திரவமாகிவிடும். மறுபடி 'டிக்'. கழுத்தில் மாட்டக் கயிறு வேண்டும், சேற்றுக்கையில் வழுக்கக் கூடாது, ஒரு கை குத்துப்பட்டிருக்கும் என்பதால் பல்லால் கடித்தாலும் டிக் ஆக வேண்டும் என்று கன்னியம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். சார் ஒவ்வொன்றுக்கும் சென்னைக்குப் போய்ச் சண்டை போட்டு வந்தார். விஷம் அடங்கும் நாற்பத்தைந்து டிகிரிக்கு வந்து நிற்கும் ஒரு பையை அவள் கையில் கொடுத்த அன்று, மூன்று கெட்டிலையும் அணைத்துவிட்டு எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார். அதுவரை லீவு என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

அரசாங்கம் கண்டுபிடித்ததை அரசாங்கமே கடை போட்டு விற்க முடியாது. ஒரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட வேண்டும். கைமாற்றினார்கள். கம்பெனிக்காரர் ஏரியைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். ஷூவில் சேறு பட்டதும் கொஞ்சம் குறைவான நல்ல மனிதர். பைக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தார். அதை எங்களில் யாராலும் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அடுத்து ஒரு தகவல் வந்தது. அரசு ஆராய்ச்சி மக்கள் கையில் பொருளாகப் போய்ச் சேர்ந்ததைப் பாராட்டி சென்னையில் விழா எடுத்து, சாருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து விருது தருகிறார்களாம். இத்தனை வருஷமாக 'சுடுதண்ணிக்கு எதுக்குப்பா ஒரு ஆபீஸ்' என்று கேட்டவர்களெல்லாம் போன் பண்ணி வாழ்த்தினார்கள். சார் புதுச்சட்டை தைத்துக்கொண்டார். சட்டைப்பையில் தெர்மாமீட்டர் நிற்கிறதா என்று தையற்கடையிலேயே வைத்துப் பார்த்தார்.

விழாவுக்கு முந்தின வாரம் கம்பெனி தயாரித்த முதல் பெட்டி வந்தது. கன்னியம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். டிக். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சாரே, இது சூடு இல்ல. ஜொரம்" என்றாள்.

சார் தெர்மாமீட்டர் வைத்தார். முப்பத்தொன்பது. இன்னொன்று. அதுவும் முப்பத்தொன்பது. கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். சிட்டியில் முதுகுவலிக்காரர்களும் வாங்குகிறார்கள், யாருக்காவது தோல் சிவந்துவிட்டால் கேஸ் போடுவார்கள், அதனால் கொஞ்சம் இதமாகக் குறைத்திருக்கிறோம் என்றார் அவர். தலைமையகமோ, "விழா முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றது. சார் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று கெட்டில் போடவே இல்லை. என் கண்ணாடி நாள் முழுக்கத் தெளிவாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

விழாவுக்கு வருவாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தார். புதுச்சட்டை, பக்கத்தில் கன்னியம்மா, அவள் கையில் ஈரத்துணி மூடிய நீல வாளி.

மண்டப வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "வாளியில இன்னா சார்?"

"எங்களோட வேலை செஞ்சவங்க" என்றார் சார். வாட்ச்மேன் யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டோம்.

மேடைக்குப் பின்னால் ஒரு அறையில் கம்பெனிக்காரர் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். சார் வணக்கம் சொல்லி, எதிரே உட்கார்ந்து, சொந்தக்காரர் வீட்டில் பேசுவது மாதிரி ஆரம்பித்தார்.

"முப்பத்தொம்பது போதும்னு சொல்றீங்க. நான் போதாதுங்கறேன். ரெண்டு பேர் சொல்றதும் வெறும் வார்த்தைதான். நீங்க ஒரு தடவை குத்திக்குங்க. உங்க பையை வெச்சுப் பாருங்க. வலி போயிடுச்சுன்னா நான் தப்புன்னு மேடையிலயே சொல்லிடறேன்."

கன்னியம்மா துணியை விலக்கினாள். "நல்லா உசுரோட கீது சார். ஏரித் தண்ணிதான் ஊத்தியாந்தேன்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

கெளுத்தி மீசையை ஆட்டியது. கம்பெனிக்காரர் வாளியைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். சாரின் கையில் வரிசையாக இருந்த பழைய தழும்புகளைப் பார்த்தார். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனையும் இந்தப் பைக்காகவா சார்?"

"அஞ்சாறு தற்செயலா குத்தினது."

அவரே துணியை இழுத்து வாளியை மூடினார். பிறகு, "சரி சார். நாப்பத்தஞ்சுக்கே மாத்திடறோம். அனுப்பினதைத் திருப்பி எடுத்துக்கறோம்" என்றார். "முதுகுவலிக்காரங்களுக்கு வேற பை போட்டுக்கறோம்."

"இதை நீங்களே மைக்ல சொல்லணும்."

சொன்னார். அனுப்பிய சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கூடுதல் சூட்டில் தரப்போவதாக அவர் அறிவித்ததும், இது ஏதோ அடுத்த கட்ட சாதனை என்று நினைத்து அரங்கமே கைதட்டியது. சார் பேச எழுந்தார். "இங்க கெளுத்தி குத்தினவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். கடைசி வரிசையிலிருந்து கன்னியம்மா மட்டும் கையைத் தூக்கினாள். "அப்ப அந்த அம்மாவுக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தனக்குப் போர்த்திய சால்வையைக் கொண்டுவந்து வாளியின் மேல் போட்டார். ஏசி குளிர் கெளுத்திக்கு ஆகாது என்றார்.

மறுநாள் அது குழம்பாகிவிட்டது. அரசு விழாவில் கலந்துகொண்ட மீன் என்று எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

பிறகு சார் ரிட்டயராகி சொந்த ஊருக்குப் போனார். எங்கள் கிளையையும் மூடிவிட்டார்கள். போன வருஷம் அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம், கொஞ்சமும் வலியில்லாமல். கன்னியம்மாவுக்கு நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தோணிரேவுக்குப் போனேன். பெண்கள் ஏரியில் இறங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கன்னியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாததால், அந்தப் பைக்குப் பெண்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்னால் போன ஒருத்தி வழக்கம்போலத் திரும்பிக் கேட்டாள்:

"யக்கா, சாரை எடுத்துக்கினியா?"

கன்னியம்மா ஒரு கணம் நின்றாள். கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"கீறாரு" என்றாள்.