பங்காளியின் கண்மாய்

பங்காளிக் காய்ச்சலுக்கு மாத்திரை கிடையாது. எனக்கு அது பெரியப்பா மகன் சிதம்பரத்தால் வந்தது. ஒரே வீடு, ஒரே வயது, காரைக்குடியில் ஒரே கல்லூரி, ஒரே தாவரவியல் வகுப்பு. அவன் தலைமுடிகூட என்னுடையதைவிட ஒழுங்காகப் படியும். (இத்தனைக்கும் இருவருக்கும் எண்ணெய் ஒரே புட்டிதான்.)

எழுபதுகளின் தொடக்கம். ஒரு நிலத்தில் என்னென்ன செடிகள் எப்படிக் கூடி வாழ்கின்றன என்பதைக் கணக்குப் போட்டு ஒற்றை எண்ணில் சொல்லிவிடலாம் என்றார் புதிதாக வந்த பேராசிரியர். மரச்சட்டம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டும். அது விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் நிற்கும் செடிகளை வகைவகையாக எண்ண வேண்டும். பிறகு லாக் டேபிளோடு மல்லுக்கட்ட வேண்டும். யாருடைய நிலத்துக்குப் பெரிய எண் வருகிறதோ, அந்தக் கணக்கை மெட்ராஸில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கப் போவதாகவும், எண்ணியவனையும் கூட்டிப்போவதாகவும் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிதம்பரத்துக்குச் சாக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை கிடைத்தது. எனக்குப் பள்ளத்தூர் ரோட்டோரம் ஒரு செம்மண் பொட்டல். அவன் கரையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி, இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ. என் பொட்டலில் ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, தும்பை, நெருஞ்சி. அவ்வளவுதான். வயிறு எரிந்தது. நேரே பேராசிரியரிடம் போனேன்.

"சார், அவனுக்குக் கண்மாயக் குடுத்துட்டு எனக்குப் பொட்டலக் குடுத்திருக்கீக. இது நாயமா?"

"அந்த எண் எப்படி வருதுன்னு புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"வெளங்கிருச்சு சார்." (விளங்கவில்லை. வகுப்பு முழுக்க நான் சிதம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அவன் சம்மதித்தால் மாற்றிக்கொள் என்றார். சிதம்பரமோ சட்டை துவைத்துக்கொண்டே, "ஒனக்கு வேணும்னா எடுத்துக்கடா" என்றுவிட்டான். ஒரு சண்டையாவது போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கண்மாயில் முழங்கால் சேறு. அட்டைகள் என்னை விருந்தாகவே எடுத்துக்கொண்டன. எங்கே எறிந்தாலும் சட்டத்துக்குள் கோரை. பத்துச் செடியில் ஒன்பது கோரை. மற்ற வகையெல்லாம் இங்கொன்றும் அங்கொன்றும். அதனால் என்ன, வகை அதிகமாயிற்றே என்று இளித்தபடி எண்ணினேன்.

பேராசிரியர் எல்லாருடைய எண்களையும் கரும்பலகையில் எழுதினார். வகுப்பிலேயே பொட்டலின் எண்தான் பெரியது.

"வகை நிறைய இருந்தா மட்டும் போதாதுப்பா. ஒன் கரையில கோரை மட்டும் ராஜாங்கம் பண்ணுது, மத்ததெல்லாம் ஒப்புக்கு நிக்குது. அவன் பொட்டல்ல இருக்கறது அஞ்சே வகை, ஆனா அஞ்சும் ஏறத்தாழ சமமா இருக்கு."

அவன் பொட்டலாம். கெஞ்சிக் கூத்தாடி நான் தாரை வார்த்த பொட்டல்.

சிதம்பரம் மெட்ராஸ் போய் வந்தான். கம்ப்யூட்டர் நம் வீட்டு முகப்பு அளவுக்கு இருந்ததாகச் சொன்னான். என்னைப் பெற்ற ஆத்தாவே, "அம்புட்டுப் பெருசாப்பா?" என்று அவன் தட்டில் இன்னொரு தோசை போட்டாள். அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இதை அதோடு விடவில்லை. பல வருடம் கழித்துச் சொத்துப் பிரித்தபோது பெரியப்பா பேனாவைத் திறக்குமுன், "இப்பவே சொல்லிருய்யா, மாத்திக்கணுமா?" என்று என்னைக் கேட்டார். கூடியிருந்த சொந்தம் மொத்தமும் சிரித்தது.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்தில் உட்கார்ந்த சிதம்பரம் தன் இலையை என் பக்கம் தள்ளி, "மாத்திக்கிறியாடா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவன் வடை பெரிதாகத்தான் இருந்தது.