பெட்டியா, போனா?

சைக்கிள் ஓடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் ஓடியதைப் பதிகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அது வேறு இனம். முதலாவது இனம் ஏறும், மிதிக்கும், போன இடத்திலிருந்து திரும்பி வரும், வியர்வையைத் துடைக்கும். இரண்டாவது இனம் விடியற்காலையில் ஒழுங்கை முகப்பில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, வானத்தை ஒருதரமும் ஹாண்டிலை ஒருதரமும் பார்த்தபடி அசையாமல் நிற்கும். கும்பிடுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடாதீர்கள். ஜிபிஎஸ் செய்மதி அகப்படுவதற்காகக் காத்திருக்கிறார். மேலே இருக்கிற செய்மதி கண்டுகொள்ளாவிட்டால் கீழே அவர் இல்லை. பதியப்படாத தூரத்தை அவர் ஓடவே இல்லை. கால் நோவது வெறும் பிரமை.

இந்த இனத்தில் நன்றாகத் தேறிய ஒருவன் திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறான். பெயர் கஜீபன். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது, உடம்பை ஆட்டுங்கோ என்று டொக்டர் சொன்னதும் ஒரு சைக்கிள் வாங்கினான். அதோடு நின்றிருந்தால் அவனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த முதல் வாரமே அவன் மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது: ஓடுவதைப் போனில் ஒரு செயலி போட்டுப் பதிவதா, அல்லது அதற்கென்றே செய்த ஜிபிஎஸ் பெட்டியை வாங்கி ஹாண்டிலில் பூட்டுவதா?

சின்னக் கேள்விதானே என்கிறீர்களா? அப்படிச் சொல்கிறவர்களை அவன் இரக்கத்தோடு பார்ப்பான். வெயிலில் போன் திரை தெரியாது, வியர்த்த விரலுக்கு அது இசையாது, மழை தூறினால் தானாகவே யாருக்காவது கோல் எடுக்கும், பாதி வழியில் பற்றரி இறங்கும். பெட்டியோ கையுறையோடும் அமத்தக்கூடிய பட்டன் உள்ளது, நாள் முழுக்கத் தாங்கும், ஏற்றம் இறக்கத்தைக் காற்றின் அழுத்தத்தை வைத்தே சொல்லும் என்றெல்லாம் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பார்த்தான், கந்தோரில் மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தான், மாமனாரின் திவசத்தன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் பார்த்தான். அந்த மாதங்களில் சைக்கிள் எங்கே இருந்தது? விறாந்தையில். அதன் ஹாண்டிலில் நிருஜா துவாய் காயப்போட்டாள்.

நிருஜா அவன் மனைவி. அவளிடமும் ஒரு சைக்கிள் இருக்கிறது. முன்னால் கூடை, பின்னால் கரியர். "சந்தைக்குப் போட்டு வந்தனான்" என்பாள். எவ்வளவு தூரம் என்று ஒருநாள் கஜீபன் கேட்டபோது, "தெரியாது. ஆனா கத்தரிக்காய் வந்திருக்கு" என்றாள்.

கடைசியில் பெட்டியை அவளுடைய அண்ணன்தான் கனடாவிலிருந்து கொண்டுவந்தார். அவள் கேட்டிருந்தது கிறைண்டர். இடையில் கஜீபன் தனியாக ஒரு மெசேஜ் போட்டிருந்தான். பார்சலைப் பிரித்தபோது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தக் கறுப்புச் சாமானை நிருஜா கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதில உழுந்து அரைக்கலாமோ?"

அதற்குப் பிறகு மூன்று நாள் தோசை இல்லை.

இப்படி வீட்டில் தோசையை விலைகொடுத்து வாங்கிய ஒரு சாமானை யாராவது தேவையில்லாதது என்று சொன்னால் பொறுக்குமா? சொன்னவன் றுமைஸ். கிண்ணியாக்காரன், அதே கந்தோரில் அடுத்த மேசை, பத்து வருடமாக ஒரே பார்சலைப் பிரித்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிற சிநேகிதன். அவனும் சைக்கிள் ஓடுகிறவன்தான். ஆனால் போன் கட்சி. பெட்டி பதிந்தாலும் போன் பதிந்தாலும் கணக்கு ஒரே செயலிக்குத்தான் போகும், எந்தப் பாதையில் யார் வேகம் என்று அது பட்டியல் போடும்; அது வேறு விஷயம்.

"போன்தான் சட்டைப்பைக்குள்ள கிடக்கே மச்சான். அதே செய்மதி, அதே றோட்டு. இன்னொரு பெட்டிய எதுக்கு ஹாண்டில்ல கட்டித் தூக்கிக்கிட்டுத் திரியிற?"

"உன்ர போன் வளைவெல்லாத்தையும் நேர்கோடாக் கீறும். தூரத்தைக் களவெடுக்கும்."

"உன்ட பெட்டி இல்லாத தூரத்தக் கூட்டிச் சொல்லும்."

பார்த்தீர்களா, ஒருவன் மற்றவனைக் கள்ளன் என்கிறான், மற்றவன் இவனைப் பொய்யன் என்கிறான். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பொல்லாப்பும் இல்லை, இரண்டு கருவிகளுக்காகப் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் கதை சோற்றுப் பார்சல் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் றுமைஸ் தனியாகப் பார்சல் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலடியில் இருந்து சாப்பிட்டான். கஜீபனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பின்னேரம் அவனே போய், "சனிக்கிழமை திரியாய்க்குப் போவம். நான் பெட்டியோட, நீ போனோட. பக்கத்துப் பக்கத்தில ஓடுவம். எது சரியெண்டு பாத்துப்போட்டு இந்தக் கதையை விட்டிடுவம்" என்றான். றுமைஸும் சிரித்துக்கொண்டு சரி என்றான்.

போகும்போது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நிலாவெளியில் கடற்காற்று முதுகில் தள்ளியது, இறக்கக்கண்டிப் பாலத்தடியில் வலை வீசுகிறவர்கள் கை காட்டினார்கள், குச்சவெளியில் தேத்தண்ணி குடித்தார்கள். கஜீபன் இதில் எதைக் கண்டான் என்று கேட்காதீர்கள். அவன் பெட்டியைக் கண்டான். திரியாயில் இருவரும் நின்று ஒப்பிட்டுப் பார்த்தபோது போனுக்கும் பெட்டிக்கும் அரைக் கிலோமீற்றர் வித்தியாசம் இருந்தது. எது சரி? அதுதான் தெரியவில்லை. வீதி ஓரத்து மைல்கல்லைக் கேட்கலாம் என்றால் அதில் இலக்கம் அழிந்திருந்தது.

"திரும்பிப் போகேக்க இடைக்கிடை பாத்துக்கொண்டு போவம்" என்றான் கஜீபன்.

கும்புறுப்பிட்டி தாண்டியதும் அவன்தான் முதலில் கேட்டான்: "இப்ப உன்ரை எவ்வளவு?"

றுமைஸ் ஒற்றைக் கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பின் பையிலிருந்து போனை இழுத்தான். அதே நேரம் இடது பக்கப் பற்றைக்குள்ளிருந்து ஒரு மாடு, வீதி தனக்கே சொந்தம் என்கிற மாதிரி ஆறுதலாக நடுவுக்கு வந்து நின்றது. றுமைஸ் பிறேக் அமத்தினான், சைக்கிள் மணலில் வழுக்கியது, ஆள் விழுந்தான். விழுகிற மனிதன் என்ன செய்வான்? கையை ஊன்றுவான். றுமைஸ் கையை உயர்த்தினான். ஏனென்றால் அந்தக் கையில் போன் இருந்தது. போனில் ஒரு கீறல் இல்லை. தோளில் காறை எலும்பு முறிந்துவிட்டது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லவேண்டும். சிநேகிதன் நிலத்தில் கிடந்து "உம்மா!" என்று கத்துகிறான். கஜீபன் சைக்கிளிலிருந்து குதித்தான். குதித்த கையோடு பெட்டியில் நிறுத்தும் பட்டனை அமத்தினான். பிறகுதான் ஓடிப்போய்த் தூக்கினான். சைக்கிள் நின்றால் அந்தப் பெட்டி தானாகவே நின்றுவிடும். அதற்காகவும்தான் அதை வாங்கினதே. அது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அமத்தினான். நிமிர்ந்தபோது, மணலோடு ஒட்டிக்கிடந்த றுமைஸின் கண் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டான்.

நல்லவேளையாகப் புல்மோட்டைப் பக்கத்திலிருந்து மீன் ஏற்றிவந்த சின்ன லொறி ஒன்று நின்றது. அதன் சாரதி ஸைனுலாப்தீன் நானா இறங்கி வந்து ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்தார். "தம்பிய முன்னுக்கு ஏத்துங்க. நீங்க சைக்கிளோட பின்னுக்கு ஏறுங்க. ஐஸ் கரையிறதுக்குள்ள டவுணுக்குப் போகோணும், எனக்கும் அவசரந்தான்." றுமைஸ் போனைப் பின் பைக்குள் திணித்துக்கொண்டு முனகியபடி ஏறினான். கஜீபன் ஐஸ் போட்ட றெஜிபோம் மீன் பெட்டிகளுக்கு நடுவில், இரண்டு சைக்கிளையும் அணைத்துக்கொண்டு, பாரைமீன் தண்ணீர் சப்பாத்துக்குள் இறங்க, திருகோணமலை வரை நின்றபடி வந்தான். வழி முழுக்க ஒரே நினைப்பு: அவன் கண்டிட்டான். இடையில் ஒருதரம் ஹாண்டிலைப் பார்த்து, லொறியில் போகிற தூரம் தன் கணக்கில் சேரவில்லை என்று திருப்திப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு றுமைஸின் மனைவி பஸ்மியா அழுதுகொண்டு ஓடி வந்தாள். பின்னால் நிருஜா சுடுதண்ணிப் போத்தலோடு வந்தாள். றுமைஸின் கையைக் கழுத்தோடு தூளி கட்டிக் கட்டிலில் சாய்த்திருந்தார்கள்.

"கஜீபன் அண்ணன், நீங்க பக்கத்துல நிண்டதுக்கு அல்லாஹ்வுக்குத்தான் புகழ். விழுந்த உடன நீங்கதானே ஓடிப்போய்த் தூக்கினீங்க?" என்றாள் பஸ்மியா.

கஜீபன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினான். பத்து வருடச் சிநேகிதம் இந்தக் கட்டிலடியிலேயே முடிந்துவிடும் என்று நினைத்தான்.

"ஓம், உடன தூக்கினான்" என்றான் றுமைஸ் கட்டிலிலிருந்து.

பெண்கள் இருவரும் மருந்து எடுக்கப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "பட்டன அமத்திப்போட்டுத்தானே வந்த?"

"மன்னிச்சுக்கொள்ளடா. என்னையறியாமல் கை போயிட்டுது." கஜீபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத விடு. என்ட பையிக்குள்ள இருந்து போன எடு."

எடுத்துக் கொடுத்தான். றுமைஸ் இடக்கைப் பெருவிரலால் திரையைத் தட்டினான். வலியில் சுருங்கியிருந்த முகம் மெல்ல விரிந்தது. போன் நிற்கவே இல்லை. மாட்டடியில் ஓடியது, லொறியில் ஓடியது, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடியிருக்கிறது. இறக்கக்கண்டிப் பாலத்தை இதுவரை சைக்கிளில் கடந்த அத்தனை பேரிலும் நீங்களே வேகமானவர் என்று செயலி பூத்தூவி வாழ்த்தியது. அந்தப் பாலத்தில் அதுவரை முதலிடத்தில் இருந்த பெயர் கஜீபன்.

"அழிச்சுப்போடு" என்றான் கஜீபன்.

"ஏலாது."

"அது மீன் லொறியடா!"

"செயலிக்கு அது தெரியுமா?"

"உனக்குத் தெரியுந்தானே!"

"எனக்கு எல்லாந்தான் தெரியும் மச்சான்" என்று றுமைஸ் கதவுப் பக்கம் பார்த்தான். பஸ்மியா வந்துகொண்டிருந்தாள். "எல்லாத்தையும் சொல்லட்டா?"

கஜீபன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். தோடம்பழம் உரித்துக் கொடுக்கத் தொடங்கினான்.

பெட்டியா, போனா என்ற கேள்வி என்ன ஆனது என்பீர்கள். திரும்பும் பாதையை ஒரு லொறி குழப்பிவிட்டதால் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. சோற்றுப் பார்சலை மறுபடி ஒன்றாகவே பிரிக்கிறார்கள். எலும்பு பொருந்தும்வரை றுமைஸுக்குக் குழைத்து வைப்பதும் கஜீபன்தான். ஆனால் ஒவ்வொரு சனியும் அவன் தலையை ஹாண்டிலுக்குள் புதைத்துக்கொண்டு இறக்கக்கண்டிப் பாலத்தில் பறக்கிறான். ஸைனுலாப்தீன் நானாவின் லொறியை மிதித்து வெல்லவேண்டும் அல்லவா? பாலத்தடியில் வலை வீசுகிற ஒருவர் போனகிழமை, "தம்பி, ஆரும் துரத்துகினமோ?" என்று கேட்டாராம். சீனி மட்டும் நன்றாக இறங்கியிருக்கிறது என்கிறார் டொக்டர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சைக்கிளே ஓடாதவர், உங்களுக்கென்ன. நீங்கள் பின்னேரத்தில் கடற்கரையில் காலாற நடக்கிறவர், அவ்வளவுதான். ஆனால் நேற்று நடந்து வந்து, வீட்டுக் கேற்றைத் திறக்காமல் அதற்கு முன்னால் அங்குமிங்குமாகக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, காலடி எண்ணுகிற அந்த மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டு உள்ளே போனீர்களே, எதற்காக? முன்வீட்டுக்காரர், நீங்கள் கேற்றுத் திறப்பைத் தொலைத்துவிட்டீர்களாக்கும் என்று நினைத்து, ரோச் லைற்றும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வெளிக்கிட்டவராம். இன்றைக்கு நடக்கப் போகும்போது அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.