பெரணி இலையின் பழுப்புப் பொட்டுகள்

ஜூன் 12, வியாழன். சிறிய தவறு ஒன்று. வகுப்பில் கொடுத்த பெரணி இலையின் அடியில் பூச்சி அப்பியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நான்காம் பாடத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். அது பூச்சி இல்லையாம்.

நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு, தையல்காரி பாடத்தை மறுபடி பார்த்தாள். பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இலைக்கடியில் பழுப்புப் பொட்டுகளாக, ஸ்போர் என்னும் நுண்தூள் நிறைந்த பைகள்தான். அவை அமைந்திருக்கும் விதம்தான் முக்கிய அடையாளம். வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே செடியின் இலைகள்; நாளை மாலை அதன் சரியான பெயரைச் சொல்பவருக்கு ஞாயிறன்று காட்டுக் கணக்கெடுப்பில் இடம். இருப்பது ஒரே இடம். அதற்காகத்தான் அவள் இந்த மாலை வகுப்பில் சேர்ந்ததே.

"பொட்டுதானே? வச்சுடலாம் விடு" என்றாள் அக்கா. காப்பித்தூளைப் பசையில் குழைத்து, ஊசிமுனையால் இருவரும் அறுபத்துநாலு பொட்டுகள் வைத்தார்கள்.

காலையில் இலை நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா எடுத்தது சர்க்கரை கலந்த தூள். எறும்புகளை உதறியதில் நுனி ஒடிந்தது. மறுபடி கழுவியதில் பாதிச் சிற்றிலைகள் போயின.

மிஞ்சியதை, மதியம் கடையில் நூலிழை பார்க்கும் கண்ணாடியை வைத்து ஆராய்ந்தாள். காம்பு கறுப்பு, பளபளப்பு. அதன் அடியில் பொன்னிறச் செதில்கள். நரம்புகள் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேராமலே ஓரத்தைத் தொட்டன. கீழ்ச் சிற்றிலைகள் இரண்டும் தரையைப் பார்த்து மடங்கியிருந்தன. இத்தனையும் பொருந்தும் பெயர் புத்தகத்தில் ஒன்றுதான் இருந்தது. எழுதிக்கொண்டாள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

வகுப்பில் மற்ற பதினான்கு பேரும் பொட்டுகளை அளந்து ஒன்பது பெயர்கள் சொன்னார்கள். முன்வரிசைத் தபால்காரர் அவள் இலையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆடு மேஞ்சுதா?"

அவள் எழுந்தாள். "பொட்டைக் கழுவிட்டேன் சார். காம்பையும் நரம்பையும் வச்சுத்தான் சொல்றேன். ஓடைப் பெரணி."

ஆசிரியர் தலையசைத்தார். "ஓடைப் பெரணியேதான். ஞாயித்துக்கிழமை நீ வர்றே. ஆனா இவங்க பொட்டு ஒண்ணுகூட அதோட ஒத்துப்போகலையே?"

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாள், இந்த இலைகளை வெட்டிக் கொடுத்தவர், பூவாளியைக் கீழே வைத்தார்.

"இந்தச் செடிக்குப் பொட்டு வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும் சார். அது பூச்சி. ஒரு வாரமா மருந்து கேக்குறேன். இந்தப் பொண்ணு ஒண்ணுதான் கழுவியிருக்கு."

ஜூன் 13, வெள்ளி. நேற்று எழுதியது தவறு. அது பூச்சிதான். நாளை: சோப்பும் பழைய பல் பிரஷும் எடுத்துப்போய், தாய்ச்செடியைக் கழுவ வேண்டும்.