அடுத்த பத்தியில் இருந்த வால்வு

படித்ததைச் செரிக்க விடாமல் உடனே வெளியே எடுப்பது ஒரு வியாதி. எனக்கு அது முற்றியது மஸ்கெலியாவில், பெண் பார்க்கப் போன வீட்டில்.

அக்கா மகன் சுரேன் ஜெர்மனியில் இருக்கிறான். திரவ ஐதரசனால் குளிரூட்டும் மின்கேபிள்களைச் சோதிப்பது அவன் வேலை. பெண்ணும் அவனும் போனில் பேசிப் பேசி ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போய், பெண் வீட்டார் சரி என்பது மட்டும்தான் பாக்கி. தாய்மாமன் என்ற உரிமையில் நானும் போனேன். ஹற்றனில் பஸ் ஏறியதிலிருந்து அக்கா என் காதில் எதையோ ஓதிக்கொண்டே வந்தாள். நான் கைபேசியில் அந்தக் கேபிளைப் பற்றிய கட்டுரையை வாசித்தபடி "ம்... ம்..." என்றேன். (சரித்திர வாத்தியாருக்கு விஞ்ஞானம் கிடைத்தால், காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் விழுந்த கதைதான்.)

அங்கே விடாத மழை. நீர்த்தேக்கம் இருக்கவேண்டிய இடத்தில் பனிமூட்டம்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்னறைச் சுவரில் மாலை போட்ட ஓர் இளைஞனின் படம். அதன் முன் எண்ணெய் விளக்கு.

"மாப்பிள்ளைக்கு என்னங்க வேலை?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"கம்பெனியிலங்க," என்றாள் அக்கா.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் போதவில்லை. சாதாரணக் கம்பியில் மின்சாரம் வரும் வழியிலேயே கொஞ்சம் சூடாகி வீணாகிறது. சில உலோகங்களைக் கடுங்குளிரில் வைத்தால் துளியும் வீணாகாது. அந்தக் குளிரைக் கொடுக்கும் திரவ ஐதரசனே போய்ச் சேரும் இடத்தில் எரிபொருளாகவும் பயன்படும் என்றெல்லாம் விளக்கினேன். "ஒரே குழாய்ல ரெண்டு சரக்குங்க," என்று முடித்தேன். அக்கா என் காலை மிதித்தாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கதவோரம் நின்ற பெண்ணின் அம்மா மெல்லக் கேட்டார்: "அந்தக் குளிரு நின்னுபோச்சுன்னா என்னங்க ஆகும்?"

இத்தனை வருஷத்தில் எந்த மாணவனும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. கம்பி சட்டென்று சூடாகும், ஐதரசன் கொதித்து எண்ணூறு மடங்கு ஊதும், குழாய் தாங்காவிட்டால் வெடிக்கும் என்று கையை விரித்து வேறு காட்டினேன். அழுத்தம் கூடினால் தானே திறந்து வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வைப் பற்றி அடுத்த பத்தியில் இருந்திருக்கிறது. அதை வாசிப்பதற்குள் பஸ் மஸ்கெலியாவுக்கு வந்துவிட்டிருந்தது.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அப்பா சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு வேலைக்குப் போய்த்தாங்க மாஸ்டர், எம் மூத்தவன் போய்ச் சேந்தான். இன்னொரு புள்ளையையும் அதுகிட்ட குடுக்கச் சொல்லாதீங்க."

திரும்பும் பஸ் டிக்கோயாவைத் தாண்டியது. அக்கா, "போகயில என்னடா சொல்லிக்கிட்டே வந்தேன்?" என்றாள். அந்த வீட்டில் கரண்டு என்ற சொல்லையே எடுக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

சுரேனிடம் நான்தான் போனில் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டான். கடைசியில், "வால்வு இருக்குன்னு சொல்லலியா மாமா?" என்றான்.

அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது. சுரேன் அதன்பிறகு யாரையும் பார்க்கச் சொல்லவில்லை. இப்போதும் வீட்டில் நான் எதையாவது விளக்க வாயெடுத்தால், "மாமா, வால்வு!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். வீடியோவில் இருந்தால் சுரேனும் சிரிப்பான். முதலில் நிற்பது அவன் சிரிப்புதான்.