நாய்க்குப் போய்ச் சேர்ந்த ஐ

பிழைதிருத்தல் பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் இருந்தாக வேண்டும். முன்பத்திரத்தில் தவறாக எழுதப்பட்டது எது, அதை இனி எப்படிப் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். சார்பதிவாளராக இருந்த காலமெல்லாம் நான் மகிழ்ச்சியோடு திருப்பிக் கொடுத்தேன். (மகிழ்ச்சியை முகத்தில் காட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.) இதை நான் மறந்தது ஒரே ஒரு முறை. அதில் என் மகள் கோமதியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஓய்வுபெற்ற மறுவருடம், தச்சநல்லூரில் காலை நடைக்குப் போனபோது டீக்கடை வாசலில் கிடந்த நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. ஆஸ்பத்திரியில் ஊசிக்காக வரிசையில் நின்றேன். ஒரு நிருபர் பெயர் கேட்டார். பெயரைச் சொன்னேன். பதவியைக் கேட்காமலேயே சொன்னேன். மறுநாள் மாலைப் பத்திரிகையில் தலைப்பு வந்தது: 'நாய் கடித்த ஓய்வுபெற்ற சார்பதிவாளர்'.

ஊரில் எல்லோருக்கும் அது ஒருவிதமாகப் புரிந்தது. எனக்கு மட்டும் இரண்டு விதமாகப் புரிந்தது. 'பால் குடித்த குழந்தை' என்றால் குடித்தது குழந்தை. பாலை என்பதிலுள்ள 'ஐ' மறைந்து நிற்கிறது. தலைப்பும் அதே அமைப்புதான். அங்கேயும் ஒரு 'ஐ' மறைந்து நிற்பதாக யாராவது கொண்டால், கடித்தவன் நான்.

"எவனும் அப்படிப் படிக்க மாட்டான். ஒங்களுக்குத்தான் வேற சோலி இல்ல" என்றாள் மனைவி.

உண்மை. வேறு சோலி இல்லாததால் அன்றைக்கே ஆசிரியருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத்தபாலில் அனுப்பினேன். கடைசி வரி இது: 'ஆகவே, மேற்படி தலைப்பில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ-யை வெளிப்படையாகச் சேர்த்துத் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.'

வெள்ளிக்கிழமை வெளியிட்டார்கள், கட்டம் கட்டி: 'நாயைக் கடித்த ஓய்வுபெற்ற சார்பதிவாளர் என்று இருந்திருக்க வேண்டும். பிழைக்கு வருந்துகிறோம்.'

நான் மனதில் வைத்திருந்தது 'சார்பதிவாளரைக் கடித்த நாய்'. உடனே பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். துணை ஆசிரியர் ஒருவர் எடுத்தார்.

"ஐ போடச் சொன்னிய, போட்டாச்சே சார்."

"நாய்க்கா போடச் சொன்னேன்?"

"யாருக்குப் போடணும்னு கடுதாசில எழுதலியே."

அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். (என் கடிதங்களுக்கு அலுவலகம் இல்லை, நகல் மட்டும் உண்டு.) இலக்கணம் இரண்டு பக்கம் இருந்தது. சரியான வாசகம் இல்லை. இப்படி ஒரு மனுவை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் மேஜைக்கு மேலே வைக்கவே விட்டிருக்க மாட்டேன்.

டீக்கடையில் அந்த நாய்க்கு பன் வாங்கிப் போட்டார்கள். "அண்ணாச்சி, எந்த எடத்துல கடிச்சிய? காயம் ஒண்ணும் வெளிய தெரியலியே" என்று கடைக்காரர் மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வள்ளியூரிலிருந்து கோமதியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அங்கே இரும்புக்கடை. கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிற வழக்கம் உண்டாம். சனிக்கிழமை அவர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நாளைக்கு வரலாம்னுதான் இருந்தோம். வீட்டுல கொஞ்சம் யோசிக்காவ."

"அது அச்சுப்பிழை..."

"திருத்தம்னுலா போட்டிருக்கு?"

கோமதிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. இருவரும் போனில் பேசியே ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. "அப்பா, எனக்காவ ஒண்ணு செய்யிங்க. கொஞ்ச நாளைக்குப் பேனாவைத் தொடாதிய" என்றாள். அவளே பையனிடம் பேசினாள். என்ன பேசினாளோ, ஒரு வாரம் கழித்து வந்தார்கள்.

வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் என் தரப்பு ஆவணங்களை வரிசையாக அடுக்கியிருந்தேன். பால் குடித்த குழந்தையில் ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அம்மா அதைக் கேட்கவில்லை. அடியில் கிடந்த ஊசிச் சீட்டை உருவி, பெயரைப் படித்தார்.

"ஊசி இவியளுக்குத்தான் போட்டிருக்கு. கடிச்சவருக்கு எதுக்குப் போடப் போறாவ? கடிபட்டவருதான்." பிறகு மனைவியிடம் தணிந்த குரலில், "எப்பவும் இப்படித்தான் பேசுவாவளா?"

"கடிச்சாக்கூடப் பரவால்ல மதினி" என்றாள் மனைவி.

கல்யாணம் முடிவானது. கல்யாண அழைப்பிதழ் அடித்தபோது மெய்ப்பை என் கண்ணில் காட்டவேயில்லை. (அதில் நான்கு ஒற்றுப்பிழைகள். கல்யாணத்துக்கு வந்தவர்களைப்போல நாற்காலிக்கு ஒன்றாக உட்கார்ந்து வாழ்த்தின.)

நான் மட்டும் இரண்டு வாசகங்களும் அடங்கிய புதிய மனுவைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. கல்யாணம் ஆயிற்று, பேத்தி பிறந்தாள். முளைத்த முதல் பல்லால் அவள் என் விரலைக் கடித்தபோது சம்மந்தி, "தாத்தா ரத்தம்லா, விடுமா?" என்றார். இன்றுவரை அவள் யாரைக் கடித்தாலும் அந்த வீட்டில் வழக்கு என் பெயரில்தான் பதிவாகிறது.

எங்கள் வீட்டில் அவளுக்குக் காது குத்திய அன்று, பந்தி நடக்கும்போது தபால்காரர் பதிலைக் கொண்டுவந்தார். சம்மந்தியே உறையைப் பிரித்து, கடையில் வாசிப்பதுபோல் வாசித்தார்: 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. நாய் கடித்தமைக்கு வருந்துகிறோம்.'

யார் யாரைக் கடித்தமைக்கு என்று அதிலும் இல்லை. பழைய அலுவலக வழக்கப்படி கடிதத்தின் மேல்மூலையில் குறித்துவைத்தேன்: பெறப்பட்ட நாள், தை இருபத்தொன்று.