பெத்கானாவின் போனில் இத்தாலி இல்லை

மனைவி பெத்கானாவை இத்தாலிக்கு அனுப்புவதில்லை என்று மெத்தோடி உறுதியாக முடிவு செய்துவிட்டான். அதை அவளிடம் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

தொழிற்சாலையை மூடியதிலிருந்து அந்த டானூப் நதிக்கரை ஊரில் ஆண்கள் சும்மா இருந்தார்கள். பெண்கள் இத்தாலிக்குப் போய், படுக்கையில் கிடக்கும் கிழவிகளைக் குளிப்பாட்டிச் சம்பாதித்தார்கள். மெத்தோடியின் கட்டடத்தில் விளக்கு எரிகிற வீடுகள் இரண்டே இரண்டு. வாசல் கதவில் ஒட்டியிருந்த மரண அறிவிப்புப் படங்களில்தான் கூட்டம். மகனும் எப்போதோ போய்விட்டான். பெத்கானாவும் போய்விட்டால் சாயங்காலம் யாரோடு சண்டை போடுவது?

வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு இத்தாலி ஏஜென்சியில் அவளும் பெயர் கொடுத்திருந்தாள். அவர்கள் கூப்பிடுவது அவளுடைய பழைய போனில். அங்கேதான் கை வைத்தான்.

"பெத்கானா, இந்தப் போனைக் கம்பெனிக்காரன் எப்பவோ தலைமுழுகிட்டான். எவன் வேணா உள்ள பூந்துடுவான். நான் ரூட் பண்ணி வேற சாப்ட்வேர் போட்டுத் தர்றேன்."

"உன் போனை இப்படித்தானே சாகடிச்சே?"

"அது பழகுறதுக்கு."

"ரூட்டுன்னா என்ன?"

"கம்பெனிக்காரன் போட்ட பூட்டை உடைக்கிறது. அப்புறம் போனுக்கு நான்தான் முதலாளி. சொன்னதைக் கேக்கும்."

"அடேயப்பா! இந்த வீட்ல நீ சொல்றதைக் கேக்க ஒண்ணாவது இருக்கட்டும். இந்தா."

போனைக் கொடுத்தாள். கூடவே, தோலுரிக்க ஒரு கூடை சுட்ட குடைமிளகாயையும் கொடுத்தாள்.

மெத்தோடி மிளகாயை ஓரமாகத் தள்ளிவிட்டு ராஜாவாக உட்கார்ந்தான். பழைய சாப்ட்வேரை வழித்தெடுத்தான். எவனோ ஒரு புண்ணியவான் இலவசமாக எழுதி வைத்ததை ஏற்றினான். நடுவில் போன் செத்துச் செத்துப் பிழைத்தது. கடைசியாக ஒரு திருட்டு வேலை. இத்தாலியிலிருந்து வரும் எந்த அழைப்புக்கும் மணி அடிக்காது. எந்தச் செய்தியும் கண்ணில் படாது.

ஏஜென்சி ஊமையானது.

"இன்னும் கூப்பிடலயே, மெத்தோடி?"

"வேற யாரையாவது எடுத்திருப்பாங்க. நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்." பெருமூச்சுகூட விட்டான். நன்றாகவே விட்டான்.

பிறகு புனித பெத்காவின் திருநாள் வந்தது. அந்தப் புனிதையின் பெயரைத்தான் பெத்கானாவுக்கு வைத்திருந்தார்கள்; அதனால் அதுதான் அவளுக்குப் பெயர் நாள். அந்த ஊர்க்காரர்கள் பிறந்த நாளை மறந்தாலும் பெயர் நாளை மறக்க மாட்டார்கள். அவளுடைய தோழிகள் அத்தனை பேரும் இத்தாலியில். காலையிலேயே கேக் செய்து, போனை மேஜை நடுவே வைத்துக் காத்திருந்தாள். போன் கல்லு மாதிரி கிடந்தது.

"ஒருத்தியும் கூப்பிடல. எல்லாரும் ஒரே நாள்ல செத்தா போயிட்டாளுங்க?"

"வேலை இருக்கும்."

"எல்லாருக்குமா?"

"அங்க மழையா இருக்கும். சிக்னல்…"

அவள் கண் கலங்கியது. பாவி, இதை யோசிக்காமல் விட்டோமே! சொல்லிவிடலாமா? சொன்னால் போய்விடுவாளே. வாய் நிறைய கேக்கை அடைத்துக்கொண்டான்.

அவள் ஒரு துண்டு கேக்கோடு எதிர்வீட்டுக் கின்கா அக்காவிடம் போனாள். வெகுநேரம் கழித்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"போன் ரொம்ப நல்லா இருக்கு, மெத்தோடி. சார்ஜ் இறங்கவே மாட்டேங்குது."

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த வாரம் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினான். வீட்டில் அவள் இல்லை. அடுப்பில் சூப்பு இன்னும் சூடாக இருந்தது. மேஜைமேல் அந்தப் போன். ஜன்னலுக்கு ஓடினான். இத்தாலிக்குப் போகும் பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டபோதுதான் எல்லாம் தெரிந்தது. பெட்டியை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? கின்கா அக்கா வீட்டில். ஏஜென்சியோடு எந்தப் போனில் பேசினாள்? கின்கா அக்கா போனில். பெயர் நாள் வாழ்த்துகள்கூட அங்கேதான் வந்து குவிந்தனவாம்.

பதறியடித்துப் போனில் வைத்த தடையை எடுக்க உட்கார்ந்தான். அவசரத்தில் எதை அழித்தானோ தெரியாது. போன் கம்பெனிப் படத்தைக் காட்டும், அணையும், மறுபடி காட்டும். அதற்குமேல் நகரவில்லை. மெத்தோடி சூப்பைத் தொடவே இல்லை.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. கின்கா அக்கா, கையில் தன் போனோடு.

"பெத்கானா பேசுறா. பத்திரமா போய்ச் சேர்ந்துட்டாளாம்."

மெத்தோடி அழுதேவிட்டான். "குடுங்க அக்கா, குடுங்க!" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

கின்கா அக்கா ஒரு எட்டு பின்னால் போனாள்.

"கையைப் பின்னால கட்டு, தம்பி. போனை உன்கிட்ட குடுக்காம நானே காதுல பிடிக்கணும்னு அவ உத்தரவு."