இறுதி ஆட்டத்துக்கு வந்த கண்வலி

"மாமா, மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்பி வந்துடறேன். ஃபைனலை உங்க வீட்டுல உட்கார்ந்து பார்த்தாத்தான் ஃபைனல் பார்த்த மாதிரி இருக்கும்."

மைத்துனன் ஃபோனில் இப்படிச் சொன்னதும் கோச்சுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ பாதித் தொண்டையில் நின்றது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, ஊமைப் பாஷையில் மனைவியிடம் உதவி கேட்டார்.

கோச் என்பது பட்டப்பெயர். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவர் பந்தை உதைத்திருக்கிறார். தெருப் பிள்ளைகள் உருட்டிவிட்ட அந்தப் பந்து நேராகப் போய் அவர் கடையின் முகப்புக் கண்ணாடியையே உடைத்தது. ஆனாலும் எந்த ஆட்டக்காரன் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது தனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சொந்தக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயரை அவர் மரியாதையாக ஏற்றுக்கொண்டார்.

சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் அவருக்குப் பிடித்தவை சில உண்டு. ஆட்டம் தொடங்குமுன் காலியாகக் கிடக்கும் பச்சை மைதானம். கோல்கீப்பர் இரண்டு கையுறைகளையும் பட்டென்று தட்டிக்கொள்வது. பந்து கம்பத்தில் மோதும்போது வரும் அந்த 'டங்'. பிடிக்காதவற்றைச் சொல்லத் தொடங்கினால் கூடுதல் நேரம் வரை போகும். இரண்டு அணிக்கும் கை தட்டுகிறவர்களைப் பிடிக்காது. முட்டியில் காற்றுப் பட்டதற்கே உருண்டு புரண்டு அழுகிற ஆட்டக்காரர்களைப் பிடிக்காது. "நாம எந்தக் கலர்?" என்று பாதி ஆட்டத்தில் கேட்பவர்களை அறவே பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் நடக்கும்போது பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன இறுதி ஆட்டத்தில், அவருடைய அணியான நீலச் சட்டைக்காரர்கள் பெனால்டி அடிக்கப் போன அந்த உயிர் போகிற விநாடியில், மைத்துனன் அவர் தோளைத் தட்டி, ஜன்னல் திரைத்துணி எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டான். அவர் திரும்பி முறைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் கோல் விழுந்து முடிந்திருந்தது. அன்றே சபதம் செய்துவிட்டார். அடுத்த இறுதி ஆட்டத்தைத் தனியாகத்தான் பார்ப்பது. மனைவி இருக்கலாம். அவள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் வாயே திறக்க மாட்டாள். ஆட்டம் நடக்கும்போது ஒரு மூலையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். இருப்பதே தெரியாது.

இப்போதும் துணிதான் மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "டிவி ரிப்பேர்னு சொல்லிடுங்களேன்" என்றாள்.

இவளுக்குள் இவ்வளவு விஷயமா என்று வியந்துபோய், கோச் அப்படியே சொன்னார். குரலில் கொஞ்சம் சோகமும் கலந்தார்.

"ரிப்பேரா? இதுக்குப் போயா கவலைப்படறீங்க மாமா? எங்க வீட்டு டிவியை வண்டியில போட்டு எடுத்துட்டு வந்துடறேன். உங்களோடதைவிடப் பெருசு."

மைத்துனன் ஒரு நாற்காலி மேசைக் கடையில் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். அலமாரியையே ஒற்றை ஆளாக மாடி ஏற்றுவான். அவனுக்கு டிவி எல்லாம் பஞ்சு மூட்டை. கோச் மறுப்புச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபோனை வைத்துவிட்டான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதே என்று கோச் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி ஒரு தலையணை உறையை நான்காக மடித்து வைத்துவிட்டு, ஒட்டுகிற வியாதி என்றால் ஒருத்தரும் கிட்டே வர மாட்டார்கள் என்று யோசனை சொன்னாள். கண்வலி என்று சொல்லலாம். நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அது தொற்றிக்கொண்டது என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

கோச் துள்ளி எழுந்து மறுபடி ஃபோன் போட்டார். மைத்துனன் துடித்துப்போனான்.

"கண்வலியோட தனியா இருப்பீங்களா? இதோ வரேன். எங்க வீட்டுல போன மாசமே எல்லாருக்கும் வந்து போயிடுச்சு, எனக்கு இனிமே ஒட்டாது. எனக்குப் போட்ட சொட்டு மருந்துகூடப் பாதி மிச்சம் இருக்கு மாமா."

இனி பின்வாங்க முடியாது. வருகிறவன் பார்க்கும்போது கண் சிவந்திருக்க வேண்டும். டிவி கண்ணில் படக் கூடாது. மனைவி ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கிக் கொடுத்தாள். கோச் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணை அகல விரித்தார். ஐந்தே நிமிடத்தில் அவர் கண், தூங்காமல் லாரி ஓட்டினவன் கண்ணாக மாறியது. மூக்கும் கூடவே சேர்ந்துகொண்டது. அந்தக் கோலத்தில், வழிகிற கண்ணீரைத் தோளில் துடைத்தபடி, நல்ல டிவியைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, படுக்கையறைக்குக் கொண்டுபோனார். அங்கே வைத்ததும்தான் அவருக்கு மூளையில் மின்னல் அடித்தது.

நோயாளி உள் அறையில் தனியாக இருப்பார். கதவு சாத்தியிருக்கும். டிவியும் உள்ளே. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தன்னந்தனியாக, ஒருத்தன் தொந்தரவும் இல்லாமல், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இறுதி ஆட்டம்! வெங்காயக் கண்ணீரோடு ஆனந்தக் கண்ணீரும் கலந்தது. தன் அறிவைத் தானே மெச்சிக்கொண்டு, டிவியின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டபோதுதான் அவர் கேபிளைத் தேடினார். கேபிள் ஹால் ஜன்னல் வழியாக வந்து ஹாலோடு நின்றிருந்தது. படுக்கையறைக்கு இழுத்தால் கதவு வரைக்கும்கூட வராது. அவர் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைத்துனன் உள்ளே வந்து, "குடுங்க மாமா, அது இதுக்குத்தானே" என்று அன்பாக வாங்கித் தன் டிவியின் பின்னால் சொருகினான். கோச் ஓடிப்போய் உள்ளேயிருந்த டிவியின்மேல் போர்வையைப் போர்த்தினார்.

அடுத்து நடந்தவை எல்லாம் பாசத்தால் நடந்தவை. மைத்துனன் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, இமையைப் பிரித்து, சொட்டு மருந்து விட்டான். வெங்காயம் பட்ட கண்ணில் மருந்து விழுந்ததும் கோச்சுக்கு நட்சத்திரங்கள் தெரிந்தன. செல்ஃபோன் வெளிச்சம் கண்ணுக்கு ஆகவே ஆகாது என்று அவன் சொன்னான். கடைசி நம்பிக்கையாக அவர் தலையணைக்கு அடியில் வைத்திருந்த செல்ஃபோனை மனைவி எடுத்துக்கொண்டு போனாள்.

போதாக்குறைக்கு மாடி வீட்டு வயலின் டீச்சர் நலம் விசாரிக்க வந்தார். கண்வலிச் செய்தி மாடிக்கு எப்படி ஏறியது என்று கோச்சுக்குப் புரியவில்லை. அந்த அம்மாளுக்கும் போன மாதமே வந்து போய்விட்டதாம். ஈரத் துணியை நாலாக மடித்து அவர் கண்ணில் வைத்து, அவிழாதபடி பின்னால் ஒரு முடிச்சும் போட்டார். பிறகு, தனியாகப் படுத்திருந்தால் பொழுது போகாதே என்று, கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு அந்த இடுக்குக்கு நேராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பார்த்துப் பார்த்து உங்களுக்குச் சொல்றேன். நீங்க நிம்மதியா படுங்க" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. நோயாளிக்குத் தொந்தரவு கூடாது என்று மனைவி டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டாள். டீச்சருக்கு சங்கீதத்தில் ஆழ்ந்த ஞானம். கால்பந்தில் அன்றுதான் பாலபாடம்.

"நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் விழுந்துட்டார். பாவம், ரொம்ப வலி போல."

"எந்த இடத்துல விழுந்தார்?"

"புல்லுலதான்."

கோச் பல்லைக் கடித்தார். டீச்சர் மெல்லிய குரலில் தொடர்ந்தார். விசில் வைத்திருப்பவர் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரிடம் மஞ்சள் நிறத்தில் ஏதோ கார்டு காட்டினாராம். விசிட்டிங் கார்டாக இருக்கலாம். ஆனால் கொடுக்காமல் திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டது மரியாதையாக இல்லையாம். பிறகு வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஐந்தாறு பேர் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். குளிர் போலிருக்கிறது என்றார்.

"ஐயோ, அது ஃப்ரீ கிக்" என்று கோச் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இடப்பக்கம் ஆள் இருக்காது. அங்க அடிக்கச் சொல்லுங்க. சொல்லுங்க சீக்கிரம்."

"யார்கிட்டங்க சொல்றது?"

கோச் மறுபடி சாய்ந்து படுத்தார். ஆனாலும் படுத்தபடியே அவர் அணியை நடத்தினார். பின்னால் வா என்றார், விரிஞ்சு ஆடு என்றார், அவனை எதுக்கு இறக்கினீங்க என்று தலையணையைக் குத்தினார். நடுவில் ஹாலில் மைத்துனன் "ஆ" என்று கத்தினான். கோலா என்று கேட்டார் கோச். இல்லை, டீயைக் கால்மேல் ஊற்றிக்கொண்டார் என்றார் டீச்சர்.

இரண்டாம் பாதியில் வெள்ளை ஒரு கோல், நீலம் ஒரு கோல். இரண்டையும் டீச்சர் ஆட்டம் மறுபடி நடு மைதானத்தில் தொடங்கிய பிறகுதான் சொன்னார். கோல் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்தாராம்.

முடிவதற்குச் சற்று முன்னால் ஹால் திடீரென்று அமைதியானது. தெருவும் அமைதியானது. கோச் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் ஒதுங்கி நிக்கறாங்க. ஒரு நீலச் சட்டைக்காரர் மட்டும் பந்தைக் கீழ வெச்சுட்டு, இடுப்புல கை வெச்சுக்கிட்டு யோசிக்கிறார். என்ன யோசனையோ."

பெனால்டி! கடைசி நிமிடப் பெனால்டி!

அதன்பிறகு கோச் தன் வசத்தில் இல்லை. ஈரத் துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டார். டீச்சரை ஸ்டூலோடு சுற்றிவிட்டு, கதவை உதைத்துத் திறந்துகொண்டு, "வலது மூலை, வலது மூலை" என்று கத்தியபடி ஹாலுக்குள் பாய்ந்தார். அவர் கண்ணுக்கு அந்தப் பெரிய திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கோல்கீப்பர் கையுறையைத் தட்டுகிறான். நீலச் சட்டைக்காரன் ஓடி வருகிறான். காலைத் தூக்குகிறான்.

கோச்சின் கால் டிவி வயரில் மாட்டியது. அவர் குப்புற விழுந்தார். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. திரை கறுத்தது.

மறு விநாடி தெரு முழுக்க ஒரே கூச்சல் எழுந்தது. எதிர் வீட்டில் யாரோ தட்டைப் போட்டு அடித்தார்கள். ஊருக்கே தெரிந்த ஒன்று அந்த ஒரு ஹாலில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சந்தோஷக் கூச்சலா, துக்கக் கூச்சலா? மைத்துனன் விழித்தான். டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவிதான் ஒரே எட்டில் போய் பிளக்கைத் திரும்பச் சொருகினாள்.

டிவி அவசரமே இல்லாமல் உயிர் பெற்றது. முதலில் கம்பெனி முத்திரை வந்தது. பிறகு பற்பசை விளம்பரம் வந்தது. ஒரு பெண் பளபளவென்று சிரித்து முடிக்கும்வரை நால்வரும் மூச்சு விடவில்லை. அப்புறம் மைதானம் வந்தது. நீலச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடந்தார்கள்.

கோச் தரையிலிருந்து எழுந்து மைத்துனனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அவன் அவரைத் தூக்கினான். இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டபோதுதான் அவன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். கண் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"மாமா, கண்ணு..."

கோச்சுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனிடமா இத்தனை பொய் சொன்னோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்வலி இல்லை, வெங்காயம் என்றார். டிவி ரிப்பேர் இல்லை, உள்ளே போர்வைக்குள் இருக்கிறது என்றார். ஆட்டத்தின்போது யாராவது பேசினால் தனக்குத் தாங்காது, அந்த ஒரே காரணத்துக்காக இப்படியெல்லாம் செய்துவிட்டதாகச் சொல்லி மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்காவைத் தப்பா நினைக்காதே. அவளுக்கு ஃபுட்பால் பத்தி ஒண்ணும் தெரியாது, பாவம். எனக்காகத்தான் அத்தனை பொய்யும் சொல்லிக் குடுத்தா."

மனைவி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. திரையில் அந்தப் பெனால்டியை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

மைத்துனன் நெளிந்தான். அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். கடைசியில் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னான்:

"நீங்க இவ்வளவு மனசு விட்டுச் சொன்னதுக்கப்புறம் நான் மறைக்கக் கூடாது மாமா. எனக்கு ஃபுட்பாலே பிடிக்காது. 'போன ஃபைனல் பூரா உங்க மாமா பேசிக்கிட்டே இருந்ததுல ஒரு கோலைக்கூட என்னால நிம்மதியா பார்க்க முடியல, இந்தத் தடவை அவரை எப்படியாவது உள் ரூமுல படுக்க வெச்சுடணும், நீதான்டா உதவி பண்ணணும்'னு அக்காதான் போன வாரம் வீடு தேடி வந்து கேட்டுக்கிட்டாங்க."